தனித்தீர்வையும் பொதுத்தீர்வையும்

நமது பத்திரிகைகளில் நாள்தோறும் வெளிவரும் மரண அறிவித்தல்களைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு வேறுபாடு புலப்படும். சைவ இல்லத்திலிருந்து வரும் அறிவித்தல், இன்னார் சிவபதம் அடைந்தார் என்று கூறும். கத்தோலிக்க இல்லத்து அறிவித்தல், இறைவனடி சேர்ந்தார் என்று கூறுவது பெருவழக்கு. புரொட்டஸ்தாந்து சபைகளைச் சார்ந்த இல்லங்களிலிருந்து வரும் அறிவித்தல்களோ, இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று பலகாலும் அமைவதைக் காணலாம். ஒருவர் சேர்ந்துவிட்டார், மற்றொருவர் உறங்குகின்றார். இருவரும் ஒரே வேதாகமத்தைப் படித்தவர்கள். ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி வளர்ந்தவர்கள். அவ்வாறிருக்க, சேர்ந்துவிட்டவருக்கு இனித் தீர்ப்பு எதற்கு? உறங்குகின்றவர் எப்பொழுது விழிப்பார்? அறிவித்தலில் உள்ள ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வாதம் ஒன்று மறைந்து கிடக்கின்றது.

கிறிஸ்தவ சமயத்தின் தீர்வைக் கொள்கையைப் பற்றிப் பேசப் புகுவோர் நரக நெருப்பிலிருந்தே தொடங்குவது வழக்கம். நெருப்பு கேட்போரின் கவனத்தை எளிதில் கவரும். ஆயினும் வரலாற்றைப் புரட்டிப் பார்க்குமிடத்து, இக்கொள்கையை மேலும் மேலும் ஆராய்ந்து விளக்கும்படி திருச்சபையை நெருக்கியது பாவிகளின் அச்சம் மட்டுமன்று என்பது தெரியவரும். அன்புடையாரை இழந்து நின்றோர் கேட்ட கேள்வி அதனினும் வலியதாயிருந்தது. அவர் இப்பொழுது எங்கே இருக்கின்றார்? நாம் செய்வது எதுவும் அவரைச் சென்றடையுமா? இவ்விரு வினாக்களையும் கைவிளக்காகக் கொண்டே இப்பேச்சில் நாம் நடக்கவிருக்கின்றோம்.

இவ்வினா எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று, அப்போஸ்தலராகிய பவுல் தெசலோனிக்க நகரத்துச் சபைக்கு ஏறக்குறைய கி.பி. 50ஆம் ஆண்டளவில் எழுதிய முதல் நிருபமாகும். பழைய கத்தோலிக்க வழக்கில் இவரையே சின்னப்பர் என்பர். அந்நகரத்துக் கிறிஸ்தவர்கள், உயிர்த்தெழுந்த கிறிஸ்து தங்கள் வாழ்நாளிலேயே திரும்பி வருவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவர் வருமுன்னரே அவர்களுட் சிலர் இறந்துபோயினர். அவ்வாறாயின் அவர்கள் அந்த நாளை இழந்துவிட்டார்களா? உயிரோடிருப்போர் முந்திக்கொள்ள, புதைக்கப்பட்டோர் பின்தங்கி விடுவார்களா? இந்தக் கலக்கத்துக்குப் பவுல் அளித்த விடை, இறந்தோரே முதலில் எழுவர். பின்னரே உயிரோடிருப்போர் அவர்களுடன் சேர்வர் என்பது. அவர் அந்த இறந்தோரைக் குறித்த சொல் உறங்குவோர் என்பதாம். நமது மரண அறிவித்தலிலுள்ள நித்திரை அங்கிருந்து வந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் பெயரும், துயிலும் இடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. இலங்கைத் தமிழர் அதனைச் சேமக்காலை என்கின்றனர். அச்சொல்லில், பத்திரமாக வைத்துக் காத்தல் என்னும் பொருளுடைய சேமம் என்பது நம் செவியில் ஒலிப்பது பொருத்தமாகவே உள்ளது.

பவுல் ஒரு யூதர். பரிசேயர் மரபில் வளர்ந்தவர். பழைய எபிரேய நூல்கள் இறந்தோர் சென்றடையும் இடத்தை ஷெயோல் என்றன. நல்லோரும் தீயோரும் ஒருங்கே நிழல்போல் கிடக்கும் பாதாளம் அது. அங்கே பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. மரித்தோர் எழுந்து, சிலர் நித்திய வாழ்வையும் சிலர் நித்திய இகழ்ச்சியையும் அடைவர் என்னும் கருத்து, கி.மு. 165ஆம் ஆண்டளவில் இன்றைய வடிவம் பெற்றதென்று ஆராய்ச்சியாளர் பலர் கருதும் தானியேல் ஆகமத்திலேதான் ஐயத்துக்கிடமின்றித் தோன்றுகின்றது. யூதர்கள் தங்கள் சமயத்துக்காகக் கொடுமைப்படுத்தப்பட்ட காலம் அது. கடவுளுக்கு உண்மையாயிருந்தவன் வெட்டுண்டு மாய, துரோகி முதிர்ந்த வயதில் படுக்கையில் இறப்பானாயின், கடவுளின் நீதி எங்கே? இவ்வுலகில் முடியாத வழக்கு வேறெங்காயினும் முடியவேண்டும். தீர்ப்பு நாள் என்பது, அடிபட்டவர்களுக்கு முதலில் ஓர் ஆறுதலாகவே தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது. இயேசுவின் காலத்திலும் இதனை எல்லா யூதரும் ஏற்றுக்கொண்டிலர். பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினர், சதுசேயர் மறுத்தனர்.

நற்செய்தி நூல்களுக்கு வருவோம். இங்கே இரண்டு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம், உலக முடிவிலே எல்லா இனத்தாரும் ஒரே நியாயாசனத்தின் முன் கூட்டப்படும் காட்சியைக் காட்டுகின்றது. இடையன் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல் அவர்கள் பிரிக்கப்படுகின்றார்கள். லூக்கா நற்செய்தியிலோ, வாசலில் கிடந்த இலாசர் என்னும் ஏழையும் அவனைக் கவனியாதிருந்த செல்வனும் இறந்த மாத்திரத்தே தத்தம் பயனை அடைகின்றனர். செல்வனுடைய சகோதரர்கள் அப்பொழுது இவ்வுலகிலே உயிரோடிருக்கின்றனர். சிலுவையில் உடன் தொங்கிய கள்வனுக்கும் அன்றைய தினமே பரகதி வாக்களிக்கப்படுகின்றது. முடிவு நாளில் ஒரு தீர்ப்பு. சாவின் வேளையில் ஒரு தீர்ப்பு. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே பின்வந்த நூற்றாண்டுகளின் வேலையாயிற்று.

மத்தேயு காட்டும் காட்சியில் நான் எப்பொழுதும் வியப்பது ஒன்றுண்டு. அங்கே மன்னர் கேட்பவை, பசித்தவனுக்கு உணவளித்தாயா, நோயாளியைப் பார்த்தாயா, சிறையிலிருந்தவனிடம் சென்றாயா என்னும் எளிய வினாக்கள். அவற்றைச் செய்தவர்கள் தாம் மன்னருக்கே அவற்றைச் செய்ததை அறிந்திலர். செய்யாதவர்களும் தாம் மறுத்தது மன்னருக்கே என்பதை அறிந்திலர். வலப்புறம் நின்றோர், இடப்புறம் நின்றோர் ஆகிய இரு சாராரும் திகைத்துப்போய் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். புண்ணியக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு சென்றவர் எவரும் அக்காட்சியில் இல்லை. யோவான் கண்ட காட்சி ஆகமத்தில் ஏடுகள் திறக்கப்படுவதைப் படிக்கும் சைவ அன்பர்க்குச் சித்திரகுப்தனின் ஏடு நினைவுக்கு வரலாம். அந்த ஒப்புமை மேலோட்டமானதேயாயினும் தவறன்று.

ஒப்புமை முடியும் இடம், ஏட்டை மூடிய பின்னர் நிகழ்வதைப் பற்றியது. சைவத்தில் வினைப்பயன் நுகர்ந்த உயிர் மீண்டும் பிறக்கும். நரகமும் சுவர்க்கமும் வழியிலுள்ள தங்குமிடங்களே. கிறிஸ்தவத்தில் பிறவி ஒன்றே. ஆகவே, ஐரோப்பியக் குருமார் தமிழில் தம் சமயத்தை எடுத்துரைக்கப் புகுந்தபோது, அவர்களுக்குக் கிடைத்த மோட்சம், நரகம் ஆகிய சொற்கள் முழுதும் பொருந்தவில்லை. மோட்சம் என்பது பிறவியினின்று விடுபடுதல். பிறவிச் சுழலே இல்லாத சமயத்தில் எதனின்று விடுபடுவது? நரகம் என்பது தமிழர் செவிக்கு முடிவுள்ளது. ஆதலால் நித்திய நரகம் என அடைமொழி கூட்ட வேண்டியதாயிற்று. உற்று நோக்கின், தீவினை கழியும்வரை துன்புற்று மீளும் சைவ நரகம், கிறிஸ்தவ நரகத்தைக் காட்டிலும் கத்தோலிக்கரின் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கே நெருங்கியது. உத்தரித்தல் என்றால், குற்றத்துக்கு ஈடாகத் துன்புற்றுத் தீர்த்தல் என்பது கத்தோலிக்க வழக்கு. இரு தீர்ப்புக்களுக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் தெளிவானவை. ஒவ்வொருவரும் சாகும்போது அடைவது தனித்தீர்வை. உலக முடிவில் யாவரும் ஒருங்கு அடைவது பொதுத்தீர்வை. புரொட்டஸ்தாந்து வேதாகமத் தமிழ் நியாயத்தீர்ப்பு என்னும் சொல்லைப் பெருவழக்காக்கியது.

தனித்தீர்வை முடிந்தபின் பொதுத்தீர்வை எதற்கு? தீர்ந்த வழக்கை மறுபடியும் விசாரிப்பதா? இக்கேள்வியை 13ஆம் நூற்றாண்டில் அக்குவினாஸ் நகர் தோமையார் தம் பெருநூலிலே எடுத்துக்கொண்டார். அவர் கூறும் விடை, எனக்குத் தெரிந்தவரையில் இவ்விடயத்தைப் பற்றி எவரும் கூறியவற்றுள் மிக்க நுட்பமானது. மனிதன் சாவதோடு அவன் வாழ்வு முற்றுப்பெறுவதில்லை என்கிறார் அவர். அவன் மற்றவர் நினைவில் வாழ்கின்றான். அந்நினைவோ பல வேளைகளில் பொய்யானது. நல்லவன் பழிக்கப்படுவான், தீயவன் புகழப்படுவான். அவன் தன் பிள்ளைகளில் வாழ்கின்றான். அவர்களோ தந்தைக்கு நேர்மாறாகவும் இருப்பர். அவன் செய்த செயல்களின் விளைவிலும் வாழ்கின்றான். ஆரியூஸ் என்பவர் பரப்பிய தவறான போதனை அவர் இறந்து நெடுங்காலமாகியும் பலரைப் பற்றிக்கொள்கின்றது. அப்போஸ்தலரின் போதனையும் அவ்வாறே இன்றும் பயன் தருகின்றது. ஆகவே ஒரு மனிதனின் செயலைப் பற்றிய கணக்கு, அச்செயலின் கடைசி அலை கரையை அடையும்வரை முழுமை பெறாது. உலகம் முடியும்போதே எந்த மனிதனையும் பற்றிய முழு உண்மை வெளியாகும். ஓராளுடைய உயிரைப் பற்றிய முடிவு சாவிலே ஆகிவிடுகின்றது. அவன் இவ்வுலகத்தில் எழுதிச்சென்ற கதை முழுவதும் வெளிச்சத்துக்கு வருவது பொதுத்தீர்வையிலே.

இன்னொரு காரணமும் உண்டு. அது உடலைப் பற்றியது. கிரேக்க ஞானியர் பலர் உடலை உயிரின் சிறையென்றனர். கிறிஸ்தவம் அவ்வாறு கொள்ளவில்லை. மனிதன் என்பவன் உடலும் உயிரும் சேர்ந்தவன். உயிர் மட்டும் பேரின்பம் எய்தினால் மனிதன் பாதியே மீட்கப்பட்டவனாவான். ஆதலின் விசுவாசப் பிரமாணம் உடலின் உயிர்த்தெழுதலைத் தனியே எடுத்துச் சொல்கின்றது. பிணத்தைப் புதைக்கும் வழக்கத்தைத் திருச்சபை இவ்வளவு இறுகப் பற்றியிருந்ததும் இது பற்றியே. கத்தோலிக்கர்க்கு 1963ஆம் ஆண்டிலேதான் தகனம் அனுமதிக்கப்பட்டது. அதுவும் உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கம் இல்லாதவிடத்து என்னும் நிபந்தனையுடன். சாம்பலைக் காற்றிலோ கடலிலோ தூவலாகாது என 2016ஆம் ஆண்டில் உரோமாபுரி மீண்டும் நினைவுறுத்தியது.

இனி, இடைக்காலத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். சாவுக்கும் உலக முடிவுக்கும் இடையில் நல்லோரின் ஆன்மா என்ன செய்கின்றது? அது கடவுளை நேரே காண்கின்றதா, அன்றிக் காத்திருக்கின்றதா? இக்கேள்வி ஒருமுறை பாப்பரசர் ஒருவரையே சிக்கலில் மாட்டிவிட்டது. அக்கதை விரித்துரைக்கத் தக்கது.

22ஆம் யோவான், பழந்தமிழ் வழக்கில் 22ஆம் அருளப்பர், 1316ஆம் ஆண்டிலே பாப்பரசராகத் தெரிவு செய்யப்பட்டார். அப்பொழுது பாப்பரசர்கள் உரோமாபுரியில் வாழ்ந்திலர். பிரான்சின் தென்பகுதியிலுள்ள அவிஞ்ஞோன் நகரிலே வாழ்ந்தனர். அவர் சட்டம் பயின்றவர், நிர்வாகத்தில் வல்லவர், எதிரிகள் பலரைத் தேடிக்கொண்டவர். 1331ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளிலே, தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த அம்முதியவர் ஒரு பிரசங்கம் செய்தார். பரிசுத்தவான்களின் ஆன்மாக்கள் இப்பொழுது இளைப்பாறுகின்றன. கிறிஸ்துவின் மானிடத் தன்மையைக் கண்டு ஆறுதலடைகின்றன. ஆனால் கடவுளை முகமுகமாய்க் காணும் பேறு பொதுத்தீர்வையின் பின்னரே அவர்களுக்குக் கிட்டும் என்பது அவருடைய கருத்து. அடுத்து வந்த வாரங்களில் மேலும் பிரசங்கித்து, தீயோரும் அந்நாள்வரை நரகத்தினுட் புகுவதில்லை என்றார்.

எழுந்த ஆரவாரம் கொஞ்சமன்று. சாதாரண விசுவாசிக்கு இதனால் என்ன வந்தது என்று நாம் எண்ணலாம். பரிசுத்தவான்கள் கடவுளின் சந்நிதியில் நிற்கின்றனர், ஆதலால் அவர்களிடம் பரிந்துரை வேண்டலாம் என்பது மக்களின் அன்றாட நம்பிக்கை. நோயுற்ற பிள்ளைக்காக ஒரு தாய் கன்னிமரியாளிடமோ அந்தோனியாரிடமோ மன்றாடும்போது, வாசலுக்கு வெளியே காத்திருப்பவர்களிடமா மன்றாடுகின்றாள்? கவிஞர் தாந்தே 1321இல் மறைந்தவர்; அவருடைய பெருங்காவியத்தில் பரிசுத்தவான்கள் ஏற்கெனவே கடவுளின் ஒளியில் திளைக்கின்றனர். மக்களின் மனத்திலிருந்த சித்திரமும் அதுவே. பாப்பரசர் அதனைப் பத்து ஆண்டுகளின் பின் ஒரு பிரசங்கத்தால் அழிக்க முற்பட்டார்.

அவிஞ்ஞோன் நகரிலேயே தோமஸ் வேலிஸ் என்னும் தோமினிக்கன் சபைத் துறவியொருவர் 1333ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கருத்தை எதிர்த்துப் பிரசங்கித்துச் சிறைப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் பிரான்சிய மன்னர் 6ஆம் பிலிப்பு பாரிஸ் பல்கலைக்கழகத்து வேதசாத்திரிகளைக் கூட்டினார். அவர்கள் பாப்பரசரின் கருத்தைத் தவறென்றனர். அரசியற் பகைவர்கள் அவரைப் பதிதர் என்று கூறி மகிழ்ந்தனர். கிழவரோ, தாம் பாப்பரசர் என்ற முறையில் எதையும் விதிக்கவில்லை, ஓர் ஆராய்ச்சியாளனாகவே கருத்துரைத்தேன், யாரும் மறுக்கலாம் என்றார். 1334ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆந் திகதி, மரணப் படுக்கையில், கர்தினால்மாரை அழைத்து, தூய்மையடைந்த ஆன்மாக்கள் கடவுளைக் காண்கின்றன என்று அறிக்கையிட்டுத் தம் முன்னைய கருத்தைக் கைவிட்டார். மறுநாள் இறந்தார். தாம் மூன்றாண்டுகள் வாதித்த வினாவுக்கு நேரடி விடை காணச் சென்றார் எனலாம்.

அவர்க்குப்பின் வந்தவர் ஜாக் பூர்னியே. 12ஆம் பெனடிக்ற் என்னும் பெயர் பூண்டார். தமிழில் ஆசீர்வாதப்பர் என்பதும் இப்பெயரே. இவர் முன்னர்ப் பாமியே என்னும் மலைப்பிரதேச மேற்றிராசனத்தில் மேற்றிராணியாராயிருந்து, சமய விசாரணை நடத்தியவர். அவ்விசாரணை ஏடு இன்றும் உள்ளது. இறந்தோரின் ஆவிகளைத் தான் காண்பதாகவும், அவை இளைப்பாறும் இடத்தை அடையுமுன் கோயில் கோயிலாக அலைந்து தவஞ்செய்வதாகவும் கூறிய ஒருவனின் வாக்குமூலமும் அதில் உண்டு. அயலார் அவனிடம் சென்று தங்கள் இறந்தோரைப் பற்றி விசாரித்தனராம். மக்கள் இறந்தோரைப் பற்றி என்னென்ன அறியத் தவித்தனர் என்பதை இவ்வளவு அணுக்கமாகக் கேட்டிருந்த ஒருவரே, 1336ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி இக்கேள்விக்கு முடிவு கூறினார். தூய்மையானோரின் ஆன்மாக்கள் இறந்தவுடனேயே, தூய்மை வேண்டியோர் அதனை அடைந்தவுடனேயே, பொதுத்தீர்வைக்கு முன்னரும், கடவுளை இடையீடின்றிக் காண்கின்றன என்பது அத்தீர்மானம். கத்தோலிக்கரைப் பொறுத்தவரையில் வாதம் அத்துடன் முடிந்தது. மரண அறிவித்தலில் உறங்கினார் என்னாது சேர்ந்தார் என்பதற்கு 1336ஆம் ஆண்டு ஒரு பெரும் ஆதாரம்.

தூய்மை வேண்டியோர் என்றேன். இரண்டாவது வினா இங்கேதான் எழுகின்றது: நாம் செய்வது அவர்களைச் சென்றடையுமா?

வட ஆபிரிக்காவில் வாழ்ந்த மோனிக்கம்மாள், அக்காலத்து வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைகளுக்கு உணவும் திராட்சை இரசமும் கொண்டு சென்று வைப்பவள். நம் நாட்டுப் படையலை இது ஒருவாறு ஒத்தது. மிலான் நகரத்து மேற்றிராணியார் அம்புரோசியார் அவ்வழக்கத்தைத் தடுத்திருந்ததை அறிந்து கைவிட்டாள். 387ஆம் ஆண்டில் ஒஸ்தியாத் துறைமுகத்தில், தாய்நாட்டுக்குக் கப்பலேறக் காத்திருந்த வேளையிலே மரணம் நெருங்க, எங்கே புதைத்தாலும் கவலையில்லை, பலிபீடத்தண்டை மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்னுங் கருத்துப்படத் தன் மக்களைக் கேட்டுக்கொண்டாள். மூத்தோரான அறிஞர் ஒருவர் இதனை எழுதி வைக்கவில்லை. அவள் பெற்ற மகன் அகுஸ்தீனாரே எழுதி வைத்தார். உத்தரிக்கிற ஸ்தலம் என்று பெயர் சூட்டப்படுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே இறந்தோர்க்காக மன்றாடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அதனைக் குறிக்கும் இலத்தீன் பெயர்ச்சொல் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தோன்றிற்றென்பது பிரான்சிய வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் 1981இல் வெளியிட்ட நூலின் வாதம். மன்றாட்டு முன், இடம் பின். 994 முதல் 1049 வரை குளூனி மடத்தின் தலைவராயிருந்த ஒடிலோ, நவம்பர் 2ஆந் திகதியை இறந்தோர் யாவர்க்குமுரிய நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். அதுவே உலகெங்கும் பரவிற்று. அன்றைய தினம் நம் சேமக்காலைகளில் கல்லறைகளைத் துப்புரவாக்கி மலரிட்டு மெழுகுதிரி ஏற்றும் மக்கள் அவர் பெயரை அறியார்.

மக்கள் அந்த ஸ்தலத்தை நெருப்புக் குழியாகவே மனத்தில் தீட்டிக்கொண்டனர். ஓவியரும் பிரசங்கிகளும் துணை நின்றனர். ஆனால் திருச்சபையின் சங்கங்கள் விதித்தது மிகச் சிறிது. 1438இல் கீழைத் திருச்சபையின் பிரதிநிதிகள் மேலைத் திருச்சபையாருடன் இத்தாலியில் வாதிட்டபோது, கிரேக்கர் இறந்தோர்க்கான மன்றாட்டை மறுக்கவேயில்லை. சுடும் நெருப்பென்பதையே மறுத்தனர். 1439இல் புளோரன்சு நகரில் எழுதப்பட்ட உடன்பாட்டில் நெருப்பென்ற சொல் இடம்பெறவில்லை. 1563ஆம் ஆண்டு திரெந்து நகரச் சங்கமும், அத்தகைய தூய்மையாக்கல் உண்டு, அங்குள்ளோர்க்கு நம் மன்றாட்டும் பூசைப் பலியும் உதவும் என்ற அளவோடு நின்று, வீண் ஆராய்ச்சியையும் பணலாபத்தையும் பிரசங்க பீடத்தினின்று விலக்கும்படி பணித்தது.

பணலாபம் என்ற சொல் அங்கே வரக் காரணம் உண்டு. 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் வித்தன்பேர்க்கில் வெளியிட்ட 95 கூற்றுக்களுள் பல, உத்தரிக்கிற ஆன்மாக்களின் பெயரால் பலன்சீட்டு விற்றதையே தாக்கின. தாயை இழந்தவனின் கண்ணீரைக் காசாக்குவதாக அவருக்கு அது தோன்றிற்று. முதலில் அவர் அந்த ஸ்தலத்தையே மறுத்தாரல்லர். 1530இல் முற்றாகக் கைவிட்டார். இறந்தோரை உறங்குவோராகக் கருதவே அவர் பெரிதும் விரும்பினார். கல்வீனோ, ஆன்மா உறங்குவதில்லை, கிறிஸ்துவோடு விழித்திருக்கின்றது என்று 1534இல் ஒரு தனிநூலே எழுதினார். ஆகவே நித்திரை என்ற சொல்லைப் பற்றிப் புரொட்டஸ்தாந்தியரிடையேயும் ஒருமைப்பாடு இல்லை. அவர்கள் ஒருமித்தது ஒன்றிலே: கிறிஸ்துவின் பலி ஒருமுறை நிறைவேறிவிட்டது; அதற்குமேல் இறந்தோர்க்காக நாம் செய்து கூட்டவேண்டியது எதுவுமில்லை. இதனைக் கடுமையென்று கூறுவாருளர். தன் பூசைகள் போதுமா போதாவா என்று ஆண்டாண்டாய் ஏங்கியவனுக்கு அது பெரிய விடுதலையாகவும் இருந்திருக்கும்.

இம்மாற்றம் நம் மண்ணிலும் உணரப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கல்வீனின் வழிவந்தவர்கள். கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் நாட்டினின்று அகற்றினர்; குருமார்க்குப் புகலிடம் அளிப்பதையும் கொடுந் தண்டனைக்குரிய குற்றமாக்கினர். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யோசேப் வாஸ் அடிகள் வந்து சேரும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இத்தீவின் கத்தோலிக்கர் குருவானவரின்றியே தங்கள் இறந்தோரை அடக்கம் செய்யவேண்டியிருந்தது. அவ்வடிகளார் 2015ஆம் ஆண்டு கொழும்பிலே பரிசுத்தவானாக அறிவிக்கப்பட்டார்.

நரகத்தைப் பற்றிச் சில சொற்கள் போதும். அது முடிவற்றதா என்னும் ஐயம் புதியதன்று. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜென், இறுதியில் யாவும் கடவுளிடம் திரும்பலாம் என்று எண்ணினார். 6ஆம் நூற்றாண்டிலே அவர் பெயரால் வழங்கிய கருத்துக்கள் கண்டிக்கப்பட்டன. ஆயினும் அவரைப் போன்றே நம்பிய நிசா நகரத்துக் கிரகோரியார் இன்றும் பரிசுத்தவானாகவே போற்றப்படுகின்றார். கத்தோலிக்கத் திருச்சபை எத்தனையோ பேரைப் பரிசுத்தவான்களாக அறிவித்துள்ளது. இன்னார் நரகத்தில் உள்ளார் என ஒருவரைத்தானும் அறிவித்ததில்லை. நரகம் உண்டு என்று விசுவசித்துக்கொண்டே, எவரும் அதில் இராதிருக்க நம்பலாம் என்றார் 1988இல் மறைந்த சுவிஸ் வேதசாத்திரி பல்தாசர். அதே ஆண்டில், ஆங்கிலிக்கன் திருச்சபையின் புகழ்பெற்ற போதகர் ஜோன் ஸ்டொட், தண்டனையுற்றோர் முடிவில்லாது வதைபடுவதினும் முற்றாக அழிந்துபோவதே வேதத்துக்கு இயையலாம் எனத் தயக்கத்தோடு எழுதி, தம்மைச் சார்ந்தோர் பலரின் அதிருப்திக்கு ஆளானார்.

ஆனால் இவ்விடயம் முழுவதிலும் மிகக் கடினமான வழக்கு பெரும் பாவிகளைப் பற்றியதன்று. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுவைப் பற்றியது. பிறப்பிலேயே ஒட்டிவரும் ஜென்மப் பாவம் நீங்காதவர்க்கு மோட்சம் இல்லையாயின், ஒரு குற்றமும் செய்யாத குழந்தை எங்கே செல்லும்? அகுஸ்தீனார், மிக இலேசானதாயினும் தண்டனைதான் என்றார். அதனைப் பொறுக்காத இடைக்காலத்தார், துன்பமும் இல்லாத, கடவுளைக் காணும் பேறும் இல்லாத லிம்போ என்னும் ஓரிடத்தை வகுத்தனர். இயற்கையான இன்பம் அங்கே உண்டென்று தோமையார் அதனை மேலும் மென்மையாக்கினார். தருக்கத்துக்கு அது போதியதாயிருக்கலாம். பெற்றவளுக்கு அது போதுமா? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, அத்தகைய குழந்தைக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கும் இல்லை. அர்ச்சிக்கப்பட்ட நிலத்துக்குப் புறத்தே, வேலியோரத்தில், பெயரில்லாமற் புதைக்கப்பட்ட சிசுக்கள் பல நாடுகளில் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் வழிபாட்டு முறைகள் திருத்தப்பட்டபோது, இக்குழந்தைகளுக்கும் அடக்கச் சடங்கு வகுக்கப்பட்டது. வழிபாடு முந்திவிட்டது, கொள்கை விளக்கம் அதன்பின் நடந்து வந்தது. மோனிக்கம்மாளின் காலத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது என்பது நேயர்களுக்கு நினைவிருக்கும். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 16ஆம் பெனடிக்ற் பாப்பரசரின் இசைவுடன், அனைத்துலக வேதசாத்திர ஆணைக்குழு இப்பொருள் பற்றி ஒரு நீண்ட ஆவணத்தை வெளியிட்டது. லிம்போ என்பதை ஒருவர் கருத்தாகக் கொள்வதை அது தடைசெய்யவில்லை. ஆயினும் இக்குழந்தைகள் கடவுளின் இரக்கத்தால் மீட்படைந்து அவரைக் காண்பர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள எனவும், அது அறிந்த உறுதியன்று, மன்றாடிக் காத்திருக்கும் நம்பிக்கை எனவும் கூறிற்று. அவ்வாராய்ச்சியை மேற்கொள்ள நேர்ந்ததன் காரணங்களை அந்த ஆவணமே தன் முற்பகுதியிற் குறிப்பிடுகின்றது. தம் குழந்தையின் மீட்பைப் பற்றிய உறுதி கிடைக்காத பெற்றோர் படும் பெருந்துயரும் குற்றவுணர்வும் அவற்றுள் ஒன்றாக அங்கே எழுதப்பட்டுள்ளன.